கதவின் அளவு கல்லில் இருக்கிறது: எல்ஸ்மியர் கால்வாய்ப் பட்டறையும் அதன் கொல்லுலையும்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டி எல்ஸ்மியர் என்றொரு சிற்றூர். அங்கே கால்வாயிலிருந்து ஒரு சின்னக் கிளை ஊருக்குள் பிரிகிறது. பிரிகிற முனையில் பழைய செங்கல் கட்டடங்கள் சில நெருக்கியடித்து நிற்கும். தச்சுக்கூடம், கொல்லுலை, வார்ப்பு மாதிரிகளை அடுக்கும் பரண், தண்ணீரை வடித்துவிட்டுப் படகின் அடிப்பக்கத்தைப் பழுதுபார்க்கும் உலர்துறை. பக்கத்திலேயே பீச் ஹவுஸ், கால்வாய்க் கம்பெனியின் தலைமையகமாக இருந்த வீடு. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டுக் கால்வாய்ப் பராமரிப்புப் பட்டறை இவ்வளவு முழுசாக மிஞ்சியிருப்பது அபூர்வம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் 'இரண்டாம் தரம், நட்சத்திரம்' என்கிற உயர்ந்த பிரிவில் இருக்கிறது.

இந்தக் கால்வாய்க்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் போன்ட்கசுல்தே தொட்டிப்பாலத்தைப் பார்க்க வருகிறது. வராமல் என்ன செய்யும்? 18 தூண்கள், 307 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் வார்ப்பிரும்புத் தொட்டியில் படகு மிதந்து போகிறது. 1805 நவம்பர் 26இல் திறந்தார்கள். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் பொறியாளர்கள், வார்ப்பு வேலை வில்லியம் ஹேஸல்டைனுடையது. 2009இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஒரு கால்வாய் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை முடிவுசெய்வது பாலம் இல்லை. தினமும் திறந்து மூடி, முட்டு வாங்கி, ஒழுகி, தேய்ந்துகொண்டே இருக்கிற லாக் கதவுகள்தான். அந்தக் கதவுகளின் உயிர் எல்ஸ்மியர் மாதிரிப் பட்டறைகளில் இருந்தது.

லாக் என்பது இரண்டு நீர்மட்டங்களுக்கு நடுவே படகை ஏற்றி இறக்கும் கல் தொட்டி. நம் பக்கிங்ஹாம் கால்வாயிலும் இருந்தவைதான். இன்று லாங்கொலன் கால்வாய் என்று அழைக்கப்படும் இந்தப் பாதையில் மொத்தம் 21 லாக்குகள். எல்லாம் ஒடுக்கமானவை. சுமார் 7 அடி அகலப் படகு, 70 அடிக்குச் சற்று மேல் நீளம், அவ்வளவுதான் கொள்ளும். ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை.

21 லாக்குகளும் காகிதத்தில் ஒரே அளவு. கல்லில் அப்படி இல்லை. 200 வருஷமாக மண் அழுத்தியும், பனியில் உறைந்து உருகியும் சுவர்கள் உள்ளே சாய்ந்திருக்கும், நிலைப்படி ஒரு மூலையில் இறங்கியிருக்கும். கால்வாயின் கீழ்முனையான ஹர்ல்ஸ்டனின் அடி லாக்கில் சுவர் உள்வாங்கி, கொஞ்சம் அகலமான பழைய படகுகள் நடுவில் சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் போய், கடைசியில் அதைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அதனால் ஒரு லாக்கின் கதவைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. பழைய கதவையே அளந்து புதுக்கதவு செய்வதும் ஆபத்து. பழைய கதவு கடைசி 10 வருஷத்தில் தேய்ந்து தேய்ந்து கல்லோடு இணங்கிய வடிவத்தில் இருக்கும், அந்தத் தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுத்துவிடுவீர்கள். தண்ணீரை வடித்து, கல்லை அளந்துதான் ஆக வேண்டும். கல்லின் அளவு மரத்துக்கு, மரத்தின் அளவு இரும்புக்கு. கொல்லன் கடைசி. கம்பெனிகள் இரும்புச் சாமானை மொத்தமாக வெளியே வாங்காமல் தச்சுக்கூடத்தின் பக்கத்திலேயே உலை வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

கதவை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவோம். கீழ்ப்பக்க வாசலில் இரட்டைக் கதவு. இரண்டும் நேர்கோட்டில் மூடுவதில்லை, நீரோட்டத்துக்கு எதிராக லேசாகக் கூம்பி, சுமார் 20 டிகிரி சாய்வில் ஒன்றையொன்று முட்டி நிற்கும். மேலே தண்ணீர் ஏற ஏற அழுத்தம் கூடி, கதவு இன்னும் இறுகும். மேல்பக்கம் 3 மீட்டர், கீழ்ப்பக்கம் 1 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். 2.13 மீட்டர் அகல வாசலில் ஏறக்குறைய எட்டரை டன் தள்ளுவிசை. இதைத் தாங்குவது தாழ்ப்பாளோ கீலோ இல்லை. சுமை கதவின் உடம்பு வழியாக ஓரத்துக்கு ஓடி, கல்லில் இறங்குகிறது.

கல்லை ஒட்டிய ஓரத்தில் நிற்பது குடுமி மரம். அதன் முதுகு உருண்டையாக இழைக்கப்பட்டு, சுவரில் அரைவட்டமாகக் குடைந்த கல்லில் பொருந்தும். அடியில் இரும்புக் கிண்ணம், அது நிலைப்படியில் பதித்த குமிழின் மேல் சுழலும். பழைய வீட்டுக் கதவு கீல் இல்லாமல் குடுமியில் சுழலுமே, அதே ஏற்பாடுதான். எதிர் ஓரத்தில் சந்திப்பு மரம், மற்றக் கதவோடு முட்டுவது. இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டங்கள், பொளியில் நாக்கு இறக்கிய இணைப்பு. அதன் மேல் பலகை. உச்சியில் கரைப்பக்கம் நீளும் தள்ளு மரம். பலர் இதை வெறும் கைப்பிடி என்று நினைக்கிறார்கள். கதவின் எடைக்கு எதிர் எடையும் அதுதான். வழியில் இடிக்கிறதென்று யாராவது அரையடி அறுத்துவிட்டால் கதவு தலைகுனிந்து, சந்திப்பு ஓரம் நிலைப்படியில் உரச ஆரம்பித்துவிடும்.

மரம் பச்சை ஓக். காயவைத்த மரம் நல்லதாயிற்றே என்று தோன்றும். இங்கே அது வேலைக்கு ஆகாது. கதவின் முக்கால் பங்கு வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் இருக்கப்போகிறது. காய்ந்த மரம் ஊறிப் பருத்து இணைப்பைப் பிளக்கும், பச்சை மரம் அப்படியே ஊறி இறுகும். செய்து முடித்த கதவை வெயிலில் போட்டுவைக்கக் கூடாது என்பதும் அதனால்தான். இரண்டு வாரக் காற்றில் நாக்குகள் சுருங்கி, போல்ட் தளர்ந்துவிடும். ஈரச்சாக்கு போர்த்தியாவது வைக்க வேண்டும். நல்ல கதவு 20, 25 வருஷம் உழைக்கும்.

ஓக்கில் டானின் என்கிற துவர்ப்பான புளிப்புச்சத்து அதிகம். பச்சை ஓக்கில் இரும்பு பட்டால் சில மணி நேரத்திலேயே கருநீலக் கறை இறங்கும். கறையால் ஒன்றும் கெட்டுவிடாது. கறைக்குப் பின்னால் அந்தப் புளிப்பு மெல்லிய இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் சங்கதி. கால்வாய்க் கதவின் பட்டைகளும் போல்ட்டுகளும் பார்வைக்கு ஏன் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இது பாதி பதில். கனத்தின் ஒரு பகுதி துருவுக்கென்றே ஒதுக்கியது.

உலை

இங்கிலாந்துப் பட்டறை உலை இடுப்புயரச் செங்கல் மேடை, மேலே புகைக்கூண்டு. காற்று அடியிலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் வரும். காற்றுக்குழாயின் மூக்கு நெருப்புக்குள்ளேயே இருப்பதால் உருகிவிடாமலிருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை, பின்னால் ஒரு தொட்டி. தொட்டி வற்றினால் சில நிமிஷத்தில் மூக்கு போய்விடும். காலையில் நெருப்பு மூட்டுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்தான். துருத்தி முதலில் தோலில், பிறகு விசிறிகள் வந்தன.

கரி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கந்தகம் குறைந்த, சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் நிலக்கரிப் பொடி வேண்டும். நனைத்த பொடியை நெருப்பைச் சுற்றி அணைத்துவைத்தால் அது வெந்து கோக்காக மாறும், அந்தக் கோக்கைத்தான் நடுவுக்குத் தள்ள வேண்டும். பச்சைக்கரி நேராக இரும்பின் மேல் படக்கூடாது. கந்தகம் ஏறிய இரும்பு செஞ்சூட்டில் அடிக்கும்போது பொடிந்து பிளக்கும். சுத்தியலடியைக் குறைசொல்வார்கள், குற்றம் கரியில் இருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடியில் தேங்கும் கிட்டத்தைக் கொத்தி எடுக்க வேண்டும். கிட்டம் காற்று வழியை அடைத்தால் நெருப்பு வெளிச்சமாகத் தெரியும், சூடு இருக்காது.

அந்தக் காலத்தில் அங்கே அடித்தது தேனிரும்பு. கார்பன் கிட்டத்தட்ட கிடையாது, உள்ளே நூல்நூலாகக் கசடு ஓடும். மரத்துக்கு இருப்பதுபோல இதற்கும் நார் உண்டு. அந்த நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்க்காமல் இழுப்பு தாங்கும் சாமான் செய்யக் கூடாது. இன்றைய மெல்லிரும்பை ஆரஞ்சு நிறத்தில் அடிக்கலாம். தேனிரும்பு அதற்கு மேல், மஞ்சளில் தொடங்கி அடிபட வேண்டும். சூடு இறங்கிய பிறகும் அடித்தால் நார் பிரிந்து தென்னை மட்டைபோல் கிழியும்.

ஒட்டவைப்பதும் உலையிலேயேதான். இரண்டு முனைகளையும் முதலில் தலையில் குத்தித் தடிக்கவைப்பார்கள். ஒட்டும்போது அடிபட்டு மெலியப்போகிற அளவுக்கு முன்கூட்டியே சதை சேர்ப்பது அது. பிறகு நாக்குபோல் சரித்து, சரிவின் நடுவை லேசாக மேடாக விடுவார்கள். நடு முதலில் ஒட்டினால் கசடு ஓரம் வழியாகத் தெறித்து வெளியேறும். குழிவாக விட்டால் கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும், வெளியே ஒட்டினாற்போலத் தெரிந்து முதல் பாரத்தில் பிரியும். தேனிரும்புக்குக் கொஞ்சம் சுத்தமான மணல் தூவினால் போதும், எஃகுக்கு வெங்காரம். சுமார் 1300 டிகிரியில், மேற்பரப்பு நனைந்த வெண்ணெய்போல் மினுங்கி முதல் ஓரிரு பொறி பறக்கும்போது எடுக்க வேண்டும். பொறி கொத்துக் கொத்தாகப் பறந்தால் எரிந்துவிட்டது, வெட்டி எறிய வேண்டியதுதான். உலையிலிருந்து அடைகல்லுக்கு ஓரிரண்டு நொடி. முதல் மூன்று அடி மெதுவாக, நடுவில். சம்மட்டியை ஓங்குவது அதற்குப் பிறகு.

கழுத்துப்பட்டை

ஒரே ஒரு சாமானை அருகில் வைத்துப் பார்த்தால் மொத்தமும் விளங்கும். குடுமி மரத்தின் உச்சியைச் சுற்றிப் பிடித்து, கரைக்கல்லில் கட்டிவைக்கும் வளைந்த பட்டை அது. கதவு சாய்ந்து விழாமல் காப்பது இதுதான். ஒரு டன் கதவு, எடை மையம் குடுமியிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, குடுமிக்கும் பட்டைக்கும் 4 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் பட்டைமேல் நிலையான இழுப்பு சுமார் 150 கிலோதான். தள்ளு மரம் அதிலும் பாதியைக் குறைத்துவிடும். பின் ஏன் 20 மில்லிமீட்டர் கனம்? 25 டன் சரக்கோடு வரும் படகு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கதவில் முட்டும் என்பதால்.

அளவு போடுவதிலிருந்து தொடங்கலாம். மரத்தின் குறுக்களவு 300 மில்லிமீட்டர், பட்டை 75க்கு 20 என்று வைத்துக்கொண்டால் கணக்கை 300இல் போடக் கூடாது, 320இல் போட வேண்டும். வளையும்போது உட்புறம் சுருங்கி, வெளிப்புறம் நீண்டு, நடுக்கோடு மட்டுமே நீளம் மாறாமல் இருக்கும். அரைவட்டத்துக்கு 503 மில்லிமீட்டர். இரண்டு கைகளுக்கும் தலா 600. முனைகளைத் தடிக்கவைப்பதற்குக் கைக்கு 40, 50 கூடுதல். மொத்தம் 1.8 மீட்டர், எடை 21 கிலோ. குறிகளை உளியால் வெட்டிவைக்க வேண்டும், சுண்ணாம்புக்கட்டிக் கோடு முதல் சூட்டிலேயே போய்விடும்.

கையின் முனையில் ஆப்பு இறங்கும் நீளத்துளை வரும். முனையை முதலில் 30 மில்லிமீட்டருக்குத் தடிக்கவைத்து, பிறகு சூட்டில் துளையுளி இறக்குவார்கள். துளைக்கும் கருவியால் குடைந்தால் நார் அறுந்துபோகும். சூட்டில் பிளந்து விரித்தால் நார் துளையைச் சுற்றி விலகி ஓடும், பலம் அங்கேயே இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போய், அடைகல்லில் முட்டுவதுபோல் கை உணரும்போது திருப்பிப் போட வேண்டும். மறுபக்கத்தில் துளை விழவேண்டிய இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும், அடைகல்லோடு ஒட்டி ஆறிய இடம் அது. அதன்மேல் உளியை வைத்து ஓர் அடி. துண்டு கீழே விழும். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை உளியைத் தண்ணீரில் தோய்த்துக் கரித்தூளில் குத்தாவிட்டால் அது இளகி, துளைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டையும் போச்சு, உளியும் போச்சு.

துளைகளை முடித்த பிறகே வளைவு. வளைவை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் கொண்டுபோக வேண்டும். தகட்டில் வெட்டிய மாதிரியோடு ஒப்பிட்டு, ஆறவிட்டுத்தான் மரத்துக்குக் கொண்டுபோவார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குச் சூட்டோடு பட்டை மாட்டுகிற பழக்கம் இங்கே ஒத்துவராது. சக்கரத்தில் இறுக்கம் வேண்டும், இங்கே சுழற்சி வேண்டும். போதாததற்கு, தீய்ந்த ஓக் சில மாதத்தில் பொடிந்து பட்டை ஆடும்.

கதவு மூடியிருக்கும்போது கழுத்துப்பட்டைக்கு வேலையே இருக்கக் கூடாது. எட்டரை டன்னும் குடுமி மரத்தின் முதுகு வழியாகக் கல்லுக்குப் போக வேண்டும். இது புரியாமல் ஆப்பை இறுக்கித் தட்டிவிட்டால், மரம் கல்லில் போய் உட்கார முடியாமல் மயிரிழை இடைவெளி நிற்கும். முதலில் ஒழுக்கு. அப்புறம் கல் தாங்க வேண்டிய விசையைப் பட்டை தாங்கும், ஒருநாள் துளை ஓரத்தில் அறும். ரொம்பத் தளர்வாக விட்டாலும் கதவு திறக்கும்போது முன்னே சாயும். சரியான இடம் இரண்டுக்கும் நடுவே ஒரு சில மில்லிமீட்டர். ஆப்பு வைத்துச் செய்ததன் நோக்கமே இந்தச் சரிப்படுத்தல்தான். ஆப்பின் சரிவு 24க்கு 1 அளவில் இருந்தால் பிடித்து நிற்கும், அதைவிடச் செங்குத்தானால் ஒவ்வொரு முட்டலுக்கும் மேலே எழும்பும்.

இன்னொரு நுட்பம், அடிக் குமிழின் மையமும் குழிந்த கல்லின் மையமும் ஒன்றாக இருக்காது. வேண்டுமென்றே சற்று விலக்கியிருப்பார்கள். கதவு திறக்கத் தொடங்கியதுமே மரத்தின் முதுகு கல்லை விட்டு விலகும், உரசல் இராது. மூடி முடிக்கும் கடைசிக் கணத்தில்தான் அணையும். பட்டையின் மையத்தையும் அதே அளவு விலக்காவிட்டால் கதவு பாதி வழியில் கனக்கும். தள்ளுகிறவர்கள் எண்ணெய் போடச் சொல்வார்கள். எண்ணெய் ஒன்றும் செய்யாது.

பட்டையின் நங்கூரம் கரைக்கல்லில் ஈயம் வார்த்துப் பதிக்கப்பட்டது. கல்லில் குடையும் குழி வாய் குறுகி அடி அகன்றிருக்கும். ஈயம் 327 டிகிரியில் உருகும். குழியில் துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். கால்வாய்க் கரையில் காய்ந்த கல் எங்கே கிடைக்கும்? பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைக் குழிக்குள் போட்டுவைத்து, ஆறினால் மாற்றி, கல் கையைச் சுடும்வரை காயவைப்பார்கள். ஈயத்தை ஒரே ஊற்றில் நிரப்ப வேண்டும், இரண்டு தவணையாக ஊற்றினால் நடுவில் ஒட்டாது. ஆறும்போது அது சுருங்குவதால் மழுங்கிய உளியால் சுற்றிலும் குத்தி இறுக்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள் வேலையில் தண்ணீர் உள்ளே புகுந்து இரும்பு துருவேறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், கடைசியில் கரைக்கல் வெடிக்கும். பழைய லாக்குகளில் நங்கூரத்திலிருந்து நட்சத்திரம்போல் விரிசல் ஓடியிருந்தால் படகின் மேல் பழி போடாதீர்கள்.

மற்ற வேலைகள்

கதவு போக உலைக்குத் தினசரி வேலை ஏராளம். தண்ணீர் விடும் ஷட்டர்களைத் தூக்கும் பல்சட்டம், பல்சக்கரம், பல்லில் விழுந்து தடுக்கும் கொண்டி. இவற்றைச் சுழற்றும் எல் வடிவக் கைப்பிடியைப் படகுக்காரர்கள் வின்ட்லாஸ் என்பார்கள். அதன் கண் சதுரமானது, உள்ளே லேசாகச் சரிந்தது, பெரும்பாலும் 1 அங்குலம் அல்லது 1¼ அங்குலம். கம்பியின் முனையைச் சதுர அச்சைச் சுற்றி வளைத்து, உலையில் ஒட்டி, அச்சை உள்ளே அடித்தே கண்ணை முடிப்பார்கள். சுழல்தண்டின் சதுரமுனை தேய்ந்து உருண்டையாகிவிட்டால் கைப்பிடி வழுக்கும். கொண்டி பல்லில் விழாமல் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டால் ஷட்டரின் எடை அதைச் சுழற்றி வீசும். தாடை உடைவதும் மணிக்கட்டு உடைவதும் இப்படித்தான். தேய்ந்த முனையைச் சரிசெய்ய, அதை வெட்டிப் புதுத்துண்டு ஒட்டுவது சரியான வழி. தகரம் செருகி ஒப்பேற்றுவது அடுத்த விபத்துக்குச் செய்யும் ஏற்பாடு.

கல்தச்சர்களின் உளிகள் நாள்தோறும் கூர்வைக்க வரும். முனையில் மூன்று அங்குலத்தைச் செம்பழ நிறத்துக்குக் காய்ச்சி, நுனி ஓர் அங்குலத்தை மட்டும் தண்ணீரில் நிறுத்தி, வெளியே எடுத்து மணற்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பின்னால் இருக்கும் சூடு நுனியை நோக்கி நிறநிறமாக ஓடி வரும். வெளிர்வைக்கோல் நிறம் 230 டிகிரி, பழுப்பு 255, ஊதா 275 சுமார், நீலம் 300. கல்லுளிக்கு வைக்கோலுக்கும் ஊதாவுக்கும் நடுவே, கல்லின் கடுமையைப் பார்த்து நிறுத்தித் தோய்க்க வேண்டும். வைக்கோலில் நின்றால் கூர் நிற்கும், சில்லும் பெயரும். நீலம்வரை விட்டால் பெயராது, மழுங்கும். தோய்க்கும்போது உளியை அசைக்காமல் ஒரே மட்டத்தில் பிடித்தால் அந்த நீர்க்கோட்டில் பிறகு முறியும், மேலும் கீழும் லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்ஸ்மியருக்குக் கிழக்கே விக்ஸால் மாஸ் என்கிற கரிச்சதுப்பின் மேல் கால்வாய் போகிறது. கரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதைக் களிமண் கொட்டி உயர்த்துவதற்கென்றே 1804 முதல் 1960கள்வரை ஒரு தனிக் கூட்டம் அங்கே வேலைபார்த்தது. இரும்புத் தகடுகளை அடித்து இறக்கிய பிறகுதான் அவர்கள் வேலை ஓய்ந்தது. ஒன்றரை நூற்றாண்டு ஒரே இடத்தில் மண் வெட்டியவர்களுக்கு எத்தனை மண்வெட்டி, எத்தனை கூர்வைப்பு என்று எண்ணிப்பாருங்கள்.

பாலங்களின் கல்மூலையில் இழுவைக் கயிறு உரசாமலிருக்க இரும்புக் காப்புகள் வைத்தார்கள். கயிறு சணல்தான், ஆனால் ஈரத்தில் மணலை ஒட்டிக்கொண்டு அரமாகிவிடும். விரல் அகல வரிகள் அந்த இரும்பில் ஆழமாக விழுந்திருப்பதை இன்றும் தடவிப்பார்க்கலாம். மூலை தேய்ந்த காப்பைத் திருப்பிப் பொருத்திப் பாதி ஆயுள் கூட்டுவதும் உண்டு.

வார்ப்பிரும்பு வேலை மட்டும் உள்ளூர் உலையில் ஆகாது. பட்டறை மரமாதிரி மட்டும் செய்யும், வார்ப்பது வார்ப்படச்சாலை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், ஆகவே மாதிரிக்கென்று சற்றே நீட்டிய தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். சாதாரண அளவுகோலால் செய்த மாதிரி கையில் சரியாகத் தெரியும், அதில் வார்த்த பல்சக்கரம் எதனோடும் பொருந்தாது. மணலிலிருந்து கிழியாமல் எடுக்கப் பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவும் வேண்டும். அந்தப் பரணில் இருக்கும் மாதிரிகளை வெறும் மரத்துண்டாக எண்ணி அளவெடுத்தால் எல்லாமே நூற்றுக்கு ஒன்று பெரிதாக வரும்.

பிறகு

எல்ஸ்மியர் கால்வாய்க் கம்பெனி 1813இல் செஸ்டர் கால்வாயோடு சேர்ந்தது. 1846இல் ஷ்ராப்ஷயர் யூனியன் ஆனது, அடுத்து ரயில்வே கைக்குப் போனது. 1944இல் சட்டப்படி கைவிடப்பட்ட கால்வாய் இது. ஆனாலும் தூர்க்கப்படவில்லை, ஏனென்றால் டீ ஆற்றின் தண்ணீர் இதன் வழியாகத்தான் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு ஓடுகிறது, நாளொன்றுக்குச் சுமார் 5½ கோடி லிட்டர். குடிநீர்க்குழாயாக உயிர்பிழைத்த கால்வாய் என்று சொல்லலாம். 1948இல் நாட்டுடைமை, 1963இல் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்கிற அரசு வாரியம், 2012 முதல் கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை. கதவுகள் இன்று வேக்ஃபீல்ட் அருகே ஸ்டான்லி ஃபெரியிலும், வெஸ்ட் மிட்லண்ட்ஸில் பிராட்லியிலும் செய்யப்பட்டு லாரியில் வருகின்றன. கல்லை அளப்பது மட்டும் மாறவில்லை. குளிர்கால அடைப்பில் தடுப்புப்பலகை இறக்கி, தண்ணீர் வடித்து, மீன்களைப் பிடித்து வேறிடம் விட்டு, அளவெடுத்த பிறகுதான் மரத்தில் கைவைக்கிறார்கள். கதவு இறங்கிய பின்னும் குடுமி மரத்தின் முதுகைக் கல்லோடு ஒத்திப்பார்த்து, பட்ட இடத்தை இழைப்புளியால் சீவுவது கைவேலைதான். மிஞ்சிய மயிரிழை ஒழுக்குக்கு மேல்பக்கத்தில் சாம்பலோ மரத்தூளோ கொட்டுவார்கள். தண்ணீரே அதை இழுத்துப்போய் இடுக்கில் அடைத்துவிடும்.

பழைய இரும்பைப் பழுதுபார்க்க வருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. தேனிரும்பு வணிகரீதியாக உற்பத்தியாவது பிரிட்டனில் 1970களிலேயே நின்றுவிட்டது. பழைய சங்கிலி, பழைய பாலக்கம்பிகளை உருட்டித்தான் இன்று கிடைக்கிறது, விலையும் அதிகம். மெல்லிரும்பில் செய்தால் பலத்துக்குக் குறைவில்லை, நீர்க்கோட்டில் துரு மட்டும் சீக்கிரம் ஏறும். அதனால் துத்தநாகம் பூசியே மாட்டுகிறார்கள். பழைய தேனிரும்புப் பட்டையில் மின்பற்றவைப்பு போடுவதாயிருந்தால், மேல்தோலில் மட்டும் ஒட்டிவிட்டு விடக் கூடாது. இழுப்பு வந்ததும் அந்தத் தோல் அடுக்கோடு உரிந்து வரும். இரண்டு துண்டுகளின் முனையையும் முழுக் கனத்துக்கும் சரித்துத் தேய்த்து, எல்லா அடுக்குகளும் வெளித்தெரியும்படி செய்து, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். துண்டு தேனிரும்பா என்று தெரியாவிட்டால், பயன்படாத ஒரு முனையில் பாதி ஆழம் வெட்டி, குளிர்ந்த நிலையிலேயே மடக்கிப்பாருங்கள். பச்சைக் கொம்பை முறித்தாற்போல் நார் நாராகப் பிரிந்தால் தேனிரும்பு. வழுவழுப்பாக மடிந்தாலோ மணிமணியாக உடைந்தாலோ வேறு உலோகம், அதற்கு வேறு முறை.